ரோலைக் கழுவுவது ஒரே ஒரு முறைதான்

ஆர்க்டிக் கடலில், ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தின் கிழக்கு ஓரத்தில் க்விடோயா என்றொரு தீவு இருக்கிறது. ஏறத்தாழ முழுக்கப் பனி மூடிய இடம். 1930 ஆகஸ்டில் அங்கே ஒதுங்கிய நார்வேக் கப்பல்காரர்கள் பழைய முகாம் ஒன்றைக் கண்டார்கள். 1897 ஜூலை 11 அன்று ஹைட்ரஜன் பலூனில் வட துருவம் நோக்கிக் கிளம்பி, ஊர் திரும்பாமலே போன மூன்று ஸ்வீடன்காரர்களின் கடைசி முகாம் அது. செய்தி பரவியதும் அடுத்த மாதமே பத்திரிகையாளர்கள் இன்னொரு கப்பலில் அங்கே போனார்கள். அவர்கள் தோண்டியெடுத்தவற்றில் ஒரு தகரப் பெட்டியும் இருந்தது. அதற்குள் குழுவின் புகைப்படக்காரர் நில்ஸ் ஸ்ட்ரிண்ட்பெர்கின் பிலிம். எடுத்து 33 ஆண்டு ஆகியும் அது கழுவப்படாமல் இருந்தது.

ஸ்டாக்ஹோமில் அந்தப் பிலிமைக் கழுவும் பொறுப்பு ஜான் ஹெர்ட்ஸ்பெர்க் என்பவரிடம் வந்தது. ஈரத்தில் ஊறி, உறைந்து, உருகி, மறுபடி உறைந்த பிலிம். கை தவறினால் மறுவாய்ப்பு கிடையாது. சுமார் 240 படங்களில் 93 படங்களை அவர் மீட்டார். பனிப்பரப்பில் சாய்ந்து கிடக்கும் பலூனையும் அதன் பக்கத்தில் நிற்கும் இரண்டு மனிதர்களையும் இன்றைக்கு உலகம் பார்க்க முடிகிறதென்றால் அதற்குக் காரணம் இரண்டு பேர். ஒருவர் ஷட்டரை அழுத்தியவர். மற்றவர் 33 ஆண்டுக்குப் பிறகு அதைப் பொறுமையாகக் கழுவியவர்.

இரண்டாமவரைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. பிலிம் கேமரா மறுபடி இளைஞர்களின் கழுத்தில் தொங்கத் தொடங்கியிருக்கிற இந்த நாட்களிலும் பேச்செல்லாம் கேமராவைப் பற்றியும் லென்ஸைப் பற்றியும்தான். எந்த ரோல் நல்ல ரோல் என்று மணிக்கணக்கில் விவாதிக்கிறவர்கள், எடுத்து முடித்த ரோலைப் பக்கத்தில் எந்த லேப் இருக்கிறதோ அங்கே கொடுத்துவிட்டு வந்துவிடுகிறார்கள். ஆனால் படத்தின் தலையெழுத்தில் பாதி அதற்குப் பிறகுதான் எழுதப்படுகிறது.

ஷட்டர் திறந்து மூடும் நேரத்தில் பிலிமில் நடப்பது மிகச் சின்ன மாற்றம். ஒளி பட்ட வெள்ளி ஹாலைடு படிகங்களில் ஒரு சில வெள்ளி அணுக்கள் சேர்ந்து ஒரு பொட்டு உருவாகிறது, அவ்வளவுதான். எந்தக் கண்ணாலும் பார்க்க முடியாத இந்த மறைபடிமத்தை டெவலப்பர்தான் படமாக்குகிறது. பொட்டு விழுந்த படிகத்தைத் தேடிப் பிடித்து, அதை முழுக்க வெள்ளியாக மாற்றுகிறது. அந்தச் சில அணுக்கள் கோடிக்கணக்கான மடங்கு பெருகுகின்றன. இது ஒரு முறைதான் நடக்கும். ஸ்கேன் பிடிக்கவில்லை என்றால் நூறு முறை வேறு வேறு ஆட்களிடம் எடுத்துக்கொள்ளலாம், பிரிண்ட் பிடிக்கவில்லை என்றால் கிழித்துப் போடலாம். கழுவுவதில் அந்தச் சலுகை இல்லை.

க்விடோயாவில் பிலிமைக் காத்தது குளிர். நம் ஊர் வெயிலிடம் அந்தத் தயவை எதிர்பார்க்க முடியாது. காரின் டேஷ்போர்டிலோ, மொட்டைமாடி அறையின் அலமாரியிலோ மே மாதம் முழுக்கக் கிடந்த கலர் ரோலில் நிறங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் நகர்ந்துவிடும், நிழல்களில் மூட்டம் ஏறும். வாங்கிய ரோலைக் காற்றுப் புகாத டப்பாவில் ஃபிரிட்ஜில் வைக்கலாம். வெளியே எடுத்த உடனே டப்பாவைத் திறந்துவிடக் கூடாது. அறையின் சூட்டுக்கு வரும்வரை சில மணி நேரம் மூடியபடியே விட்டால் பிலிம்மீது வியர்வை பூக்காது. எடுத்து முடித்த ரோலைத் தீபாவளிக்கு எடுத்ததையும் பொங்கலுக்கு எடுத்ததையும் சேர்த்துக் கொடுக்கலாம் என்று தள்ளிப்போடாமல் உடனே கழுவக் கொடுப்பது நல்லது.

யாரிடம் கொடுப்பது? 1990-களில் இந்தக் கேள்விக்கே இடமிருக்கவில்லை. தாலுகா தலைநகரம் என்றால் அங்கே ஒரு கலர் லேப் இருக்கும். கோடாக், கோனிகா, ஃபியூஜி என்று பலகை தொங்கும். கல்யாண ரோல்களும் காதுகுத்து ரோல்களும் நாள் முழுக்க இயந்திரத்துக்குள் போய்க்கொண்டே இருக்கும். அந்தக் கூட்டம்தான் லேபின் தரத்துக்கு மறைமுகமான காவலாகவும் இருந்தது. காரணம் வேதியியல். டெவலப்பர் காற்று பட்டால் கெடும் திரவம். ரோல்கள் வந்துகொண்டே இருந்தால் இயந்திரம் புதிய மருந்தைச் சேர்த்துக்கொண்டே இருக்கும், தொட்டி சமநிலையில் நிற்கும். வாரத்துக்கு நாலு ரோல் வரும் லேபில் அதே மருந்து நின்று நின்று வலுவிழக்கும். ஆகவே இன்று ஒரு லேபைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி விலையைப் பற்றியதல்ல. “வாரத்துக்கு எத்தனை ரோல் கழுவுறீங்க, சார்?” என்று கேட்க வேண்டும். ரோல் தேங்கும் உள்ளூர் லேபைவிட, கூரியரில் அனுப்பினாலும் பரவாயில்லை என்று ரோல் ஓடும் பெருநகர லேபைத் தேர்ந்தெடுப்பது பல சமயம் சரியான முடிவு.

கலர் நெகட்டிவைக் கழுவும் முறைக்கு சி-41 என்று பெயர். கோடாக் 1972-இல் கொண்டுவந்தது. பிறகு எல்லா நிறுவனங்களும் அதற்கேற்பவே கலர் நெகட்டிவ் பிலிம் தயாரித்தன. ஆகவே எந்த நிறுவனத்தின் ரோலானாலும் ஒரே தொட்டியில் கழுவலாம். டெவலப்பரின் வெப்பம் 37.8 டிகிரி செல்சியஸ். நேரம் 3 நிமிடம் 15 விநாடி. வெப்பத்தில் அனுமதிக்கப்படும் வித்தியாசம் 0.15 டிகிரி மட்டுமே. நிறம் கொடுக்கும் அடுக்குகள் மூன்று. வெப்பம் மாறினால் மூன்றும் ஒரே அளவில் மாறாது. ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். அப்புறம் நிழலில் ஒரு நிறமும் வெளிச்சத்தில் வேறொரு நிறமுமாகப் படம் திரியும், ஸ்கேனரில் எந்தக் குமிழைத் திருகினாலும் முழுக்கச் சரியாகாது.

இதைக் கண்காணிக்க ஒரு வழி உண்டு. தொழிற்சாலையிலேயே அளவாக ஒளி காட்டப்பட்ட சின்னப் பிலிம் துண்டுகள் கிடைக்கும். கன்ட்ரோல் ஸ்ட்ரிப் என்பார்கள். தினமும் வேலை தொடங்கும் முன் ஒரு துண்டைக் கழுவி, அதன் அடர்த்தியை டென்சிடோமீட்டரில் அளந்து, வரைபடத்தில் புள்ளி வைப்பது நல்ல லேபின் வழக்கம். அந்த வரைபடத்தைக் காட்டச் சொல்லிக் கேட்டால் முகம் சுளிக்காமல் காட்டுகிற லேப் கிடைத்துவிட்டால், அதை விட்டுவிடக் கூடாது.

டெவலப்பருக்கு அடுத்து பிளீச், பிறகு ஃபிக்ஸர், கடைசியில் ஸ்டெபிலைசர். இங்கேயும் தவறு நடக்கும், ஆனால் இங்கே நடக்கும் தவறில் ஒரு நல்ல செய்தி உண்டு. கலர் பிலிமில் கடைசியில் மிஞ்ச வேண்டியது சாயம் மட்டும்தான், வெள்ளி முழுக்க வெளியேற வேண்டும். பிளீச் வலுவிழந்திருந்தால் கொஞ்சம் வெள்ளி உள்ளேயே தங்கிவிடும். படம் சேறு பூசினாற்போல மங்கி, மணல்மணலாகத் தெரியும். அந்த நெகட்டிவை நல்ல பிளீச்சிலும் ஃபிக்ஸரிலும் மறுபடி போட்டெடுத்தால் போதும், சரியாகிவிடும். கழுவுவதில் திருத்திக்கொள்ளக்கூடிய மிகச் சில பிழைகளில் இது ஒன்று.

இயந்திரமும் இரண்டு விதம். பிலிமை உருளைகளுக்கு இடையே இழுத்துச் செல்லும் மினிலேப் ஒன்று. பிலிமைத் தொங்கவிட்டு ஒவ்வொரு தொட்டியாக முக்கியெடுக்கும் இயந்திரம் இன்னொன்று. முதல் வகையில் உருளையில் அழுக்குச் சேர்ந்தால் ரோல் நெடுக, தண்டவாளம் போல நேர்கோட்டில் கீறல் விழும். நெகட்டிவ் முழுக்க ஒரே இடத்தில் ஒரே கோடு ஓடினால் ஸ்கேன் செய்தவரைக் குறை சொல்லிப் பயனில்லை. தவறு இந்த இயந்திரத்திலோ, கேமராவுக்குள்ளோ, கேசட்டின் வாயில் ஒட்டியிருந்த மணல் துகளிலோ இருக்கும்.

சென்னையிலும் கொச்சியிலும் மும்பையிலும் இப்போது விற்கும் கையால் சுற்றிய ரோல்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. இவற்றில் பல சினிமா பிலிமை வெட்டிச் சுற்றியவை. விலை குறைவு, நிறம் அழகு. ஆனால் பல சினிமா நெகட்டிவ்களின் பின்புறத்தில் ரெம்ஜெட் எனும் கரிப்படலம் இருக்கும். சினிமா பிலிமுக்கான ஈசிஎன்-2 முறையில் கழுவும்போது அந்தக் கரியை முதலில் நீக்கிவிடுவார்கள். சி-41 இயந்திரத்தில் அந்த ரோலைப் போட்டால் கரி உரிந்து தொட்டி முழுக்கப் பரவும், பின்னால் வரும் அடுத்தவர் வீட்டுக் கல்யாண ரோலிலும் ஒட்டும். ரோலைக் கொடுக்கும்போது அது சினிமா பிலிம் என்று வாய்திறந்து சொல்லாதவர் தன் படத்தோடு அடுத்தவர் படத்தையும் கெடுக்கிறார்.

கழுவி வந்த நெகட்டிவை எப்படிப் படிப்பது என்பதைப் பிலிம் தொட்ட எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். பாதிப் பேர் ஸ்கேனை மட்டும் பார்த்துவிட்டு முடிவுக்கு வருகிறார்கள். படம் இருட்டாக வந்தால் லேபைத் திட்டுவார்கள், இல்லை கேமராவை விற்றுவிடுவார்கள். உண்மையைச் சொல்லும் சாட்சி நெகட்டிவின் ஓரத்திலேயே இருக்கிறது. துளைகளுக்குப் பக்கத்தில் பிலிமின் பெயரும் படங்களின் வரிசை எண்களும் இருக்குமே, அவை அச்சடித்தவை அல்ல, தொழிற்சாலையில் ஒளியால் எழுதப்பட்டவை. படத்தோடு சேர்ந்து அதே மருந்தில்தான் அந்த எழுத்துகளும் வெளிவருகின்றன. ஆகவே ஓர எழுத்து நல்ல அடர்த்தியோடு, விளிம்பு தெளிவாக இருந்து, படம் மட்டும் மெலிந்திருந்தால் கழுவியவர் மேல் குற்றமில்லை. ஒளி போதாமல் எடுத்திருக்கிறார்கள். ஓர எழுத்தும் சேர்ந்து மங்கலாக இருந்தால் மருந்து வலுவிழந்திருக்கிறது, அல்லது நேரம் போதவில்லை. எழுத்து நன்றாக இருந்து, ரோல் முழுக்க ஒரு படம்கூட இல்லாமல் தெளிந்த ஆரஞ்சு நிறத்தில் வந்தால் பிலிம் கேமராவின் சுழல்தண்டில் மாட்டவேயில்லை, 36 படமும் ஒரு அங்குலம்கூட நகராத பிலிமுக்கு முன்னால் எடுக்கப்பட்டிருக்கின்றன. எழுத்துகூட இல்லாமல் வெறுமையாக வந்தால்? டெவலப்பருக்கு முன்னால் ஃபிக்ஸரில் போட்டிருக்கலாம், அல்லது டெவலப்பரே முழுக்கச் செத்திருக்கலாம். முழுக்கக் கறுப்பாக வந்தால் எங்கோ யாரோ கதவைத் திறந்திருக்கிறார்கள்.

போர்ப் புகைப்படக்காரர் ராபர்ட் காப்பாவின் கதை இங்கே நினைவுக்கு வராமல் போகாது. 1944 ஜூன் 6, நார்மண்டியின் ஒமாஹா கடற்கரை. குண்டுமழைக்கு நடுவில் காப்பா எடுத்த 35 மில்லிமீட்டர் ரோல்கள் லைஃப் பத்திரிகையின் லண்டன் அலுவலகத்துக்குப் போயின. அவசரத்தில் இருட்டறைப் பையன் ஒருவன் உலர்த்தும் பெட்டியின் கதவை மூடிவிட்டான், சூட்டில் பிலிம்மீதிருந்த எமல்ஷன் பூச்சு உருகி ஓடியது, பதினொரு படம் மட்டும் தப்பியது. இதுதான் எழுபது ஆண்டுக்காலம் சொல்லப்பட்டு வந்த கதை. உலகத்து இருட்டறைகளில் எல்லாம் பயிற்சிக்கு வருகிற பிள்ளைகளை இதைச் சொல்லியே எச்சரித்தார்கள். 2014 முதல் விமரிசகர் ஏ. டி. கோல்மனும் அவரோடு சேர்ந்தவர்களும் இதைத் துருவ ஆரம்பித்தார்கள். அந்தக் காலத்து உலர்த்தும் பெட்டியின் சூட்டில் எமல்ஷன் உருகாது என்றார்கள். படங்கள் துளைகளின் மேல் ஏறி நிற்பது உருகி வழுக்கியதால் அல்ல, காப்பாவின் கான்டாக்ஸ் கேமராவில் கோடாக் கேசட்டைப் போட்டால் பிலிம் அப்படி நகர்ந்து அமர்வது இயல்பு என்று விளக்கினார்கள். அன்று லண்டனில் படப் பொறுப்பாசிரியராக இருந்த ஜான் மாரிஸும், காப்பா அவ்வளவுதான் எடுத்திருக்கலாம் என்று முதிய வயதில் ஒப்புக்கொண்டார். ஓர் இருட்டறைப் பையன் எழுபது ஆண்டு சுமந்த பழியைக் கடைசியில் கேள்விக்குள்ளாக்கியது நெகட்டிவின் ஓரம்தான்.

கருப்பு வெள்ளை வேறு உலகம். இதை வீட்டிலேயே கழுவலாம், கழுவவும் வேண்டும். ஒரு டேங்க், ஒரு தெர்மாமீட்டர், கை நுழைக்கும் கறுப்புப் பை, மூன்று புட்டி மருந்து போதும். டெவலப்பர்களில் கோடாக்கின் டி-76 1927-இல் வந்தது, ஆக்ஃபாவின் ரோடினால் 1891-இல். நூறாண்டு பழகிய வைத்தியம் இது. ஒரு காலத்தில் பிலிமே நம் மலையில் தயாரானது. 1960-இல் நிறுவப்பட்ட ஊட்டி ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் ‘இந்து’ ரோல்களைக் கழுவிக் கழுவியே தொழில் கற்ற ஸ்டூடியோக்காரர்கள் தமிழ்நாட்டில் ஏராளம்.

சிக்கல் என்னவென்றால், இந்த வைத்தியத்தின் குறிப்பேடுகள் எல்லாம் 20 டிகிரிக்கு எழுதப்பட்டவை. எச்பி5 பிலிம், ஐடி-11 மருந்து, கலக்காமல், 20 டிகிரியில் ஏழரை நிமிடம் என்று இல்ஃபோர்டு நிறுவனம் சொல்கிறது. சித்திரை மதியம் சின்டெக்ஸ் தொட்டியிலிருந்து வரும் தண்ணீருக்கு இந்தக் கணக்கு தெரியாது. ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும் நேரம் ஏறத்தாழப் பத்திலொரு பங்கு குறையும். 30 டிகிரியில் நேரம் மிகவும் சுருங்கிவிடும். ஐந்து நிமிடத்துக்குக் கீழே போனால் மருந்து பிலிம் முழுக்கச் சமமாகப் பிடிக்க அவகாசம் இருக்காது, வானம் திட்டுத்திட்டாக வரும். ஐஸ் போட்டு 20-க்கு இறக்குகிறவர்கள் இருக்கிறார்கள். அதில் வேறு ஆபத்து. டெவலப்பர் 20-இல் இருக்க, கழுவும் தண்ணீர் 33-இல் வந்தால் ஜெலட்டின் சட்டென்று வீங்கிச் சுருங்கி, வறண்ட ஏரித்தரை போல வெடிப்பு விழக்கூடும்.

இதற்கு நம் தட்பவெப்பத்துக்குப் பொருந்திய வழி ஒன்று உண்டு. மருந்தோடு சம அளவு தண்ணீர் கலந்துவிடுவது. அதே எச்பி5-க்கு 20 டிகிரியில் நேரம் 13 நிமிடமாக நீளும். பிறகு 24 டிகிரியில் வேலை செய்தாலும் கைவசம் ஒன்பது நிமிடம் போல மிஞ்சும். 24 டிகிரி என்பது நம் வீட்டில் எட்டிப் பிடிக்கக்கூடிய வெப்பம். முந்தின இரவே பக்கெட்டில் தண்ணீர் பிடித்து வைத்து, விடியற்காலையில் இரண்டு ஐஸ் கட்டி போட்டால் வந்துவிடும். டெவலப்பர், ஃபிக்ஸர், கழுவும் தண்ணீர் எல்லாவற்றையும் அதே பக்கெட்டில் நிறுத்தி ஒரே சூட்டுக்குக் கொண்டுவந்த பிறகே தொடங்க வேண்டும். குலுக்குவதிலும் ஒழுங்கு வேண்டும். ஒவ்வொரு நிமிடத்தின் முதல் பத்து விநாடியில் நான்கு முறை கவிழ்த்து நிமிர்த்துவது இல்ஃபோர்டின் முறை. இன்று நான்கு, நாளைக்கு எட்டு என்று போனால் எந்த ரோலும் இன்னொன்று போல வராது.

தண்ணீர்ப் பஞ்சத்தில் பழகிய ஊர்களுக்கு அதே இல்ஃபோர்டு இன்னொரு நல்ல முறையையும் தந்திருக்கிறது. ஃபிக்ஸர் முடிந்ததும் குழாயைத் திறந்துவிட்டு அரை மணி நேரம் ஓட விட வேண்டியதில்லை. டேங்கை நிரப்பி ஐந்து முறை கவிழ்த்து ஊற்ற வேண்டும். மறுபடி நிரப்பிப் பத்து முறை. மறுபடி நிரப்பி இருபது முறை. பிலிமில் தங்கிய ஃபிக்ஸர் போய்விடும். 35 மில்லிமீட்டர் ரோல் ஒன்றுக்கு டேங்க் கொள்வது சுமார் 300 மில்லி, ஆக மொத்தத் தண்ணீர் ஒரு லிட்டருக்குள் முடிந்துவிடுகிறது. கடைசி முக்கலுக்கு மட்டும் போர்வெல் தண்ணீரைத் தொடக் கூடாது. உப்புத்தண்ணீர் உலர்ந்த இடமெல்லாம் வெள்ளை வட்டம் நிற்கும். கேன் தண்ணீரில் ஈரமூட்டும் திரவத்தை ஓரிரு சொட்டு கலந்து முக்கித் தொங்கவிட வேண்டும். ஃபேனைப் போட்டால் சீக்கிரம் காயும் என்று தோன்றும். ஆனால் ஈர எமல்ஷனில் வந்து உட்காரும் தூசி ஆயுளுக்கும் அங்கேயே இருக்கும். யாரும் நடமாடாத குளியலறையில், கதவை மூடி, தானாகக் காய விடுவதே சரி.

இனி ஸ்கேன். இங்கேதான் கலர் நெகட்டிவ் எடுப்பவர்களுக்குப் பெரிய குழப்பம் காத்திருக்கிறது. ஒரே நெகட்டிவை மூன்று லேபில் கொடுத்தால் மூன்று நிறத்தில் படம் வரும். எது உண்மையான நிறம் என்று கேட்டால் பதில் கிடையாது. ஆரஞ்சுப் படலத்துக்குள் தலைகீழாக ஒளிந்திருக்கும் நிறத்தை யாராவது ஒருவர் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது. லேபில் அந்த வேலையைச் செய்பவர் ஸ்கேனரின் முன்னால் உட்கார்ந்திருக்கும் ஆள். பெரும்பாலான லேப்களில் இருப்பவை 2000-களின் தொடக்கத்து இயந்திரங்கள், ஃபியூஜியின் ஃபிரான்டியர் அல்லது நோரிட்சு. ஒவ்வொரு படமாகத் திரையில் வரும்போது அவர் வெளிச்சத்தைக் கூட்டலாம், மஞ்சளைக் குறைக்கலாம், அல்லது இயந்திரம் சொன்னதை அப்படியே விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகலாம். ஒரு ரோலுக்கு அவர் செலவிடும் சில நிமிடங்கள்தான் படத்தின் மனநிலையைத் தீர்மானிக்கின்றன.

இயந்திரத்தின் விருப்பத்துக்கு விட்டால் அது எல்லாவற்றையும் நடுவாந்தரமாக்கும். குத்துவிளக்கு வெளிச்சத்தில் எடுத்த பாட்டியின் முகத்திலிருந்து மஞ்சளைத் துடைத்தெடுத்துவிடும். மாலைச் செம்மண் பாதையை மதியமாக்கிவிடும். எல்லாவற்றையும்விட மோசமாக, கறுத்த முகங்களை வெளுக்கும். இதற்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. பல பத்தாண்டுகள் கோடாக் தன் லேப்களுக்கு அனுப்பிய நிறச் சரிபார்ப்பு அட்டையில் இருந்தது வெள்ளைத் தோல் பெண் ஒருத்தியின் படம். முதலில் அந்த இடத்தில் நின்ற ஊழியரின் பெயரால் அதை ஷெர்லி கார்டு என்றே அழைத்தார்கள். அவள் தோல் சரியாக வந்தால் லேப் சரியாக இருக்கிறது என்று பொருள். கனடாவின் லோர்னா ராத் 2009-இல் வெளியிட்ட ஆய்வு இந்த வரலாற்றை விரிவாகப் பதிவு செய்தது. பல இன முகங்கள் கொண்ட அட்டை 1990-களில்தான் வந்தது. அட்டை மாறியது, பழக்கம் மாறவில்லை. நம் ஊர் ஸ்டூடியோக்களில் முகத்தைத் தூக்கிக் கொடுப்பது வாடிக்கையாளருக்குச் செய்யும் உபகாரமாகவே பல காலம் கருதப்பட்டது. கறுப்பு அழகான நிறம், நெகட்டிவில் அது அழகாகவே பதிந்திருக்கிறது. அதைக் கழுத்திலிருந்து மேலே சாம்பலாக்கித் தருகிற ஸ்கேனை மறுத்துத் திருப்பிக் கொடுக்கும் உரிமை எடுத்தவருக்கு உண்டு.

சொல்லிக் கொடுத்தால் நல்ல லேப்கள் கேட்கவே செய்கின்றன. “காண்ட்ராஸ்ட் குறைவா வைங்க, ஷார்ப்னஸ் வேண்டாம், முகத்தை வெளுக்க வேண்டாம், சாயங்கால வெயில்ல எடுத்தது, மஞ்சள் இருக்கட்டும்” என்று ஒரு சீட்டில் எழுதி ரோலோடு கட்டிக் கொடுத்தால் போதும். சப்பையாக வரும் ஸ்கேனில் பிறகு வீட்டில் உட்கார்ந்து அழுத்தம் கூட்டிக்கொள்ளலாம். அழுத்தம் ஏற்றி வெளிச்சப் பகுதியை வெட்டியெறிந்த ஸ்கேனிலிருந்து மேகங்களைத் திரும்ப வரவழைக்க முடியாது.

அளவு விஷயத்தில் சின்னக் கணக்கு ஒன்று தெரிந்தால் விளம்பரங்கள் ஏமாற்றாது. 35 மில்லிமீட்டர் நெகட்டிவ் என்பது 36-க்கு 24 மில்லிமீட்டர். 2400 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் ஏறக்குறைய 3400-க்கு 2270 புள்ளிகள், அதாவது எட்டு மெகாபிக்சலுக்குச் சற்றுக் கீழே. 12-க்கு 8 அங்குலப் பிரிண்டை 300 டிபிஐயில் போட 3600-க்கு 2400 வேண்டும். ஆக, அதைவிடச் சிறிய ஆல்பப் படங்களுக்கு 2400 தாராளம், சுவரில் மாட்டப் பெரிதாக வேண்டுமென்றால் 4000. அந்த அளவில் 21 மெகாபிக்சல் கிடைக்கிறது. 2024-இல் வந்த பென்டாக்ஸ் 17 போன்ற பாதிச்சட்டகக் கேமராக்களில் நெகட்டிவின் பரப்பே பாதிக்குச் சற்றுக் குறைவு என்பதால், அங்கே 2400-க்கு மேலே போயே ஆக வேண்டும். மேசை ஸ்கேனரின் பெட்டியில் 6400 என்று அச்சிட்டிருப்பதை நம்பிக் கணக்குப் போடக் கூடாது. சோதித்துப் பார்த்தவர்களின் அளவையில் அதில் பாதிகூடத் தேறுவதில்லை. அளவில் பெரிய 120 ரோலுக்கு மேசை ஸ்கேனர் போதும், 35-க்கு அது இரண்டாம் தரம்தான்.

தூசியை நீக்கும் டிஜிட்டல் ஐஸ் வசதி கலர் நெகட்டிவில் நன்றாக வேலை செய்யும். சாயத்தின் வழியே அகச்சிவப்பு ஒளி ஊடுருவிப் போகும், தூசியில் மட்டும் தடைபடும், அந்த வித்தியாசத்தை வைத்து அது தூசியைக் கண்டுபிடிக்கிறது. வெள்ளி அகச்சிவப்பையும் மறிக்கும் என்பதால் வழக்கமான கருப்பு வெள்ளையில் அதைப் போட்டால் படத்தையே தூசி என்று எண்ணித் தின்றுவிடும். கருப்பு வெள்ளை ஸ்கேன் மெழுகுபொம்மை போல வந்தால் லேபில் அந்தப் பொத்தானை அணைக்க மறந்திருக்கிறார்கள் என்று கேட்டுப் பார்க்கலாம்.

டிஜிட்டல் கேமரா ஏற்கெனவே கையில் இருப்பவர்களுக்கு இன்றைக்கு மிகச் சிறந்த ஸ்கேனர் அதுதான் என்று தயங்காமல் சொல்லலாம். ஒரு மேக்ரோ லென்ஸ், நிறம் பிசகாத நல்ல எல்இடி பலகை, நெகட்டிவைத் தட்டையாகப் பிடிக்க ஒரு சட்டம், கேமராவைச் செங்குத்தாக நிறுத்த ஒரு தாங்கி. அறை விளக்கை அணைத்துவிட்டு, பிலிமும் சென்சாரும் ஒன்றுக்கொன்று இணையாக நிற்கின்றனவா என்று ஒரு சின்னக் கண்ணாடியைப் பிலிம் இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். திரையின் நடுவிலேயே லென்ஸின் பிம்பம் தெரிந்தால் இணை சரி. ஒரு ரோலைப் பதினைந்து நிமிடத்தில் முடித்துவிடலாம். நிறத்தைத் திருப்பும் வேலைக்கு நெகட்டிவ் லேப் ப்ரோ போன்ற மென்பொருள்கள் இருக்கின்றன. முதல் பத்து ரோலில் நிறம் கைக்கு வராது, பதினொன்றாவதில் வரும்.

எப்படி ஸ்கேன் செய்தாலும் பத்திரப்படுத்த வேண்டியது நெகட்டிவைத்தான். சிகாகோவில் வீட்டுவேலைக்கும் பிள்ளை வளர்ப்புக்கும் இருந்தபடியே படமெடுத்த விவியன் மையரின் பெட்டிகள், வாடகை கட்டாததால் 2007-இல் ஏலத்துக்கு வந்தன. அவற்றில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களும், கழுவாத ரோல்கள் பல நூறும் இருந்தன. 2009-இல் அவர் இறந்த பிறகு உலகம் அவரைக் கண்டுகொண்டது, பிறர் கழுவி, பிறர் ஸ்கேன் செய்து. பிரிண்ட் என்று அவர் போட்டு வைத்திருந்தது மிகக் கொஞ்சம். பிழைத்தது நெகட்டிவ்.

அதனால் ஒரு வேண்டுகோள். இப்போதெல்லாம் ஸ்கேனை மட்டும் போனுக்கு அனுப்பச் சொல்லிவிட்டு, நெகட்டிவை வாங்கக்கூடப் போகாதவர்கள் பெருகிவிட்டார்கள். சில மாதம் வைத்திருந்து பார்த்துவிட்டு லேப்கள் அவற்றைக் குப்பையில் போட்டுவிடுகின்றன. ரோல் கொடுக்கும்போதே நெகட்டிவ் வேண்டும் என்று சொல்லுங்கள், ஆறாறு படமாக வெட்டி பாலிப்ரொப்பிலீன் உறையில் போட்டுத் தரச் சொல்லுங்கள், பிவிசி உறை வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் வைத்து மூடுங்கள், இல்லையென்றால் ஐப்பசி ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். அப்பாவின் பீரோவில் பழைய ஸ்டூடியோ உறைகள் கிடந்தால் இந்த வாரமே எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். யார் படம், எந்த ஊர், எந்த ஆண்டு என்று கேட்டுச் சொல்லக்கூடிய பெரியவர்கள் வீட்டில் இருக்கும்போதே, உறையின் மேல் பென்சிலால் எழுதி வைத்துவிடுங்கள்.